அக்கா தெளித்த மஞ்சள் தண்ணீர்

லண்டனின் வடபகுதியில், நகரசபை நடத்தும் ஓர் அருங்காட்சியகத்தின் நடு மண்டபத்தில், இடப்புறச் சுவரோரமாக நீண்ட காலம் ஒரு மரவாங்கு கிடந்தது. கால் நோகிறவர்கள் உட்காருவதற்காகப் போட்டது. அதன் கீழே குனிந்து பார்த்தால் வெளிர் நிறத் தரைக்கல்லில் பெருவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டுத் தெரியும். சிலைகளைப் பார்க்க வருகிற எவரும் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். நான் மட்டும் போகும்போதெல்லாம் சப்பாத்து நாடா கட்டுகிறவன்போலக் குனிந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதை அங்கே வைத்தவர் என் அக்கா.

அக்கா எங்கள் வீட்டில் மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்குப் போய், அங்கே பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கி, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கிங்ஸ்பரிக்கு வந்து சேர்ந்தவர். அந்த நாட்களில் ஐரோப்பாவிலிருந்து எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் வந்தார்கள். அத்தான் லண்டனுக்கு வந்த பிறகும் டெனிஷ் செய்திதான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவோ வந்த வேகத்தில் ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சொந்தமாகத் துப்புரவுக் கொம்பனி தொடங்கிவிட்டார். கட்டட வேலை முடிந்த இடங்களைக் குடிபுகத் தயாராக்குவதுதான் அவருடைய தொழில். சீமெந்துத் தூள், பெயின்ற் சொட்டு, மரத்தூள் எல்லாவற்றையும் வழித்தெடுத்துப் புதுவீடாக்கிக் கொடுப்பார். நான் அப்போது ஹவுன்ஸ்லோவில் இருந்தேன். விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை. எனக்கு லீவு கிடைக்கும் நாட்கள் என் மனைவிக்கு முன்னமே அக்காவுக்குத் தெரிந்துவிடும். "நாளைக்கு உனக்கு ஓஃப் தானே தம்பி" என்பார். அது கேள்வி இல்லை.

ஒவ்வொரு வேலையின் முடிவிலும் அவர் ஒரு காரியம் செய்வார். கைப்பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுப்பார். உள்ளே மஞ்சள் தண்ணீர். மாவிலைக்கு இங்கே எங்கே போவது, அதனால் பிரிட்ஜில் கிடந்த கறிவேப்பிலைக் கொத்து ஒன்றையும் கொண்டுவந்திருப்பார். அதை நனைத்து வாசற்படியில் நாலு துளி தெளித்து, ஏதோ முணுமுணுத்து, பிறகு துணியால் ஒற்றிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு வருவார். பல் வைத்தியரின் அறை, பீட்சாக் கடை, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் குளியலறை, எதற்கும் விதிவிலக்கில்லை. "கறிவேப்பிலையைக் கண்டால் சாமி ரசம் வைக்கச் சொல்லும்" என்று நான் நக்கலடிப்பேன். "உனக்கு விளங்காட்டி வாயை மூடிக்கொண்டு வாளியைத் தூக்கு" என்பார். வழுவழுப்பான தரை ஓடுகளில் மஞ்சள் நிற்காது. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமலே லண்டனில் பல கட்டடங்கள் மஞ்சள் தண்ணீர் பார்த்துவிட்டன.

அருங்காட்சியக வேலை கிடைத்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. பழைய கட்டடங்கள் மேல் எனக்கு அந்தக் காலத்தில் மரியாதை கிடையாது. குளிரும், ஒழுகும், கதவு மூடாது. இதை மகாராணி காலத்துத் தேயிலை வியாபாரி ஒருவர் தான் சேர்த்த சிலைகளையும் ஓவியங்களையும் வைப்பதற்காகக் கட்டி ஊருக்கு விட்டுப்போனாராம். நடுவிலே சிலை மண்டபம், இரு பக்கமும் ஓவியக் கூடங்கள். தேயிலை என்றதும் நான், "அப்ப இதுக்குள்ளை எங்கடை மலையகச் சனத்தின்ரை வேர்வையும் கிடக்குது" என்றேன். "அப்ப வடிவாத் துடை" என்றார் அக்கா.

கட்டடத்தின் கதையை எங்களுக்குச் சொன்னவர், அங்கே கல்லையும் சிலையையும் ஓவியச் சட்டங்களையும் பழுதுபார்த்துப் பேணும் பொறுப்பில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. கொன்சர்வேற்றர் என்பது அவருடைய பதவி. அக்காவின் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் மெதுவாகப் பேசுவார், அக்கா டெனிஷ் கலந்த இங்கிலீஷில் உரக்கப் பேசுவார், எப்படியோ இருவருக்கும் விளங்கியது. மண்டபத்தின் கூரை முழுவதும் கண்ணாடி என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. மேலே இருந்தது பலகைத் தட்டும் ரியூப் லைற்றும்தான். உலகப் போர்க்காலத்தில் இரவு விமானங்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் குண்டு போடும் என்ற பயத்தில், அவ்வளவு பெரிய கூரையை மூட வேறு வழியில்லாமல், கண்ணாடி எல்லாவற்றுக்கும் கறுப்புத் தார் பூசினார்களாம். போர் முடிந்ததும் மண்டபத்தில் உணவுக் கூப்பன் கொடுத்தார்கள். பிறகு நகரசபையின் உடைந்த மேசை கதிரைகளை அடுக்கினார்கள். மறுபடி அருங்காட்சியகமாக்கியபோது தாரைச் சுரண்டுவதைவிடச் சுலபம் என்று கீழே பலகைத் தட்டு அடித்துவிட்டார்கள். காலப்போக்கில் பலகைக்கு மேலே கண்ணாடி இருப்பதையே ஊர் மறந்துவிட்டது. மழை நாட்களில் சிலைகளுக்கு நடுவே வாளி வைத்தார்கள். கடைசியில் லொத்தர்ச் சீட்டு நிதியிலிருந்து பணம் கிடைத்துத்தான் திருத்த வேலை தொடங்கியது.

அக்கா அதைக் கேட்டுப் பலகைத் தட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அங்கை ஊரிலை பொம்மர் வந்தால் நாங்கள் விளக்கை அணைச்சம். இவை கூரையையே அணைச்சுப்போட்டினம். பிறகு கொளுத்த மறந்துபோச்சினம்."

வேலை நடக்கும்போதே இடையிடையே தூசு அள்ள எங்களைக் கூப்பிடுவார்கள். பலகைத் தட்டுக் கழற்றப்பட்டு, மண்டபம் முழுக்க இரும்புச் சாரம் நின்றது. மேலே கறுப்பு. சுரண்டித் துடைத்த கண்ணாடிகளின் மேல் கன்வஸ் விரித்திருந்தார்கள். ஒரு காலைநேரம் நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தபோது, கூரையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து அந்தக் கன்வஸை ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினார்கள்.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முதலில் சுவரின் உச்சியில் ஒரு கோடு வெளிச்சம். கன்வஸ் சுருளச் சுருள அது சுவரால் இறங்கியது. மண் நிறக் கபிலம் என்று நாங்கள் நினைத்திருந்த சுவர் பச்சை. கடற்பச்சை. கூரையைத் தாங்கிய இரும்பு வளைவுகள் ஒவ்வொன்றும் சேருமிடத்தில் இரும்பிலேயே செய்த இலைகள் இருந்தன, இலை நரம்புகளில் தங்கப் பூச்சு. யாருமே பார்க்காத உயரத்தில், யாரோ ஒரு வேலைக்காரன் நரம்பு நரம்பாகப் பூசியிருக்கிறான். பிளாஸ்ரிக் சுற்றி நிறுத்தியிருந்த சிலைகளுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து, பளிங்குப் பெண்கள் முக்காட்டுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல நின்றார்கள். தூசு வெளிச்சத்தில் எழும்பி மெதுவாகச் சுற்றியது. மேலே சுத்தியலடித்த சத்தம் நின்றது. பூச்சு வேலை செய்தவர்கள் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றார்கள். நான் வாயைத் திறந்தபடி பார்த்து, வாய்க்குள் நிறையத் தூசு வாங்கிக்கொண்டேன். ஒரு கட்டடத்தைப் பார்ப்பதற்காக நான் கூட்டுவதை நிறுத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அக்கா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

திரும்பி வரும்போது வானுக்குள் அவர் தன் ஆசையைச் சொன்னார். திறப்பு விழாவுக்குப் பிறகு மண்டபத்தை நாளாந்தம் துப்புரவாக்கும் ஒப்பந்தமும் அவருக்கே கிடைக்கலாம் என்று பேச்சு இருந்தது. எங்கள் தொழிலில் ஓர் இடம் வடிவாகும் நாள்தான் நாங்கள் வெளியேறும் நாள். கதவுத் திறப்பைச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம், வேறு யாரோ வந்து வாழ்வார்கள். ஊரில் கட்டிய வீட்டிலும் அவர் இருக்கவில்லை, டென்மார்க்கில் வாங்கிய வீட்டையும் விட்டுவிட்டு வந்தார். "ஒரு இடத்திலையாவது கடைசிமட்டும் நிண்டு பாக்கவேணும் தம்பி. இந்த இடத்தை எனக்கு விட்டிட்டுப் போக ஏலாது" என்றார்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. சாரத்தைக் கழற்றிவிட்டார்கள். தரைக்கல்லின் மேல் கொன்சர்வேற்றரின் ஆட்கள் வெள்ளைக் களி பூசி, அது காய்ந்து பழைய அழுக்கை உறிஞ்சியெடுத்ததும் உரித்திருந்தார்கள். கல் அன்றைக்குத்தான் வெட்டியதுபோல இருந்தது. அதன் மேல் பாதுகாப்புப் பூச்சு இன்னும் பூசவில்லை. ஆகையால் கொன்சர்வேற்றர் அக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உலர்ந்த தும்புத்தடியால் கூட்டுவது மட்டும், தண்ணீர் வேண்டாம். அக்காவும் ஒரு சொட்டுத் தண்ணீர் பாவிக்காமல் அவ்வளவு பெரிய தரையையும் கூட்டி முடித்தார். முடித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தார்.

"அக்கா, தண்ணி வேண்டாமெண்டவை."

"தண்ணி ஊத்திக் கழுவ வேண்டாமெண்டவை. இது தெளிக்கிறது."

எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு எவருக்கும் இந்த வித்தியாசம் விளங்காது. எனக்கு விளங்கியது, அதனால் தடுக்கவில்லை. மற்ற இடங்களில் வாசற்படியோடு நிறுத்துகிறவர் அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலிலிருந்து மண்டபத்தின் நடு வரைக்கும், பிறகு சுவரோரமாகவும், கறிவேப்பிலைக் கொத்தை ஆட்டி ஆட்டிப் போத்தல் முடியும்வரை தெளித்தார். மேலிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. ஒற்றியெடுக்கத் துணியோடு குனிந்தபோதுதான் கண்டோம், துணி வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் முழுவதையும் கல் குடித்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் மோசம். வானுக்குள் கிடந்த சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து வந்து அக்கா தேய்த்தார். தேய்த்த இடமெல்லாம் சிவந்தது. எத்தனையோ கலியாணத்துக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்பாக்கி ஆலாத்தி எடுத்த கை அது. சவர்க்காரமும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்யும் என்பது பதற்றத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. அருங்காட்சியகத்தின் நடுத் தரையில் யாரையோ வெட்டிப் போட்டதுபோல இருந்தது.

"என்ரை முருகா, என்ன கோதாரி செய்துபோட்டன்" என்று அக்கா அப்படியே குந்திவிட்டார். பூட்டிவிட்டுப் போவோம், நாளைக்கு ஏதாவது மருந்து வாங்கி வந்து பார்ப்போம் என்று நான் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "ஒளிக்க ஏலாது. இது அவவின்ரை கல்லு. போய் அவவைக் கூட்டிக்கொண்டு வா."

கொன்சர்வேற்றர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்து மறுபடியும் பார்த்தார். என்ன இது என்று கேட்டபோது அவருடைய மெதுவான குரல் இன்னும் மெதுவாகியிருந்தது. மஞ்சள் என்றார் அக்கா. ஏன் என்று கேட்டார். அக்காவுக்கு அந்த நேரம் ஒரு சொல் இங்கிலீஷும் வரவில்லை. என்னைப் பார்த்து, "வீட்டுக்குச் சொல்றது எண்டு சொல்லு. வேலைக்காரர் போயிட்டினம், இனிப் பயமில்லை, சனம் வரப்போகுது எண்டு நாங்கள் வீட்டுக்குச் சொல்றது" என்றார். நான் எனக்குத் தெரிந்த சரக்குப் பகுதி இங்கிலீஷில் அதைச் சொன்னேன். கொன்சர்வேற்றர் சுத்தமான தண்ணீரில் தோய்த்த பஞ்சால் ஒரு சிவப்பு இடத்தை ஒற்றினார். அது திரும்ப மஞ்சளானது. அதற்கு மேல் தேய்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்து ஓவியக் கூடங்களில் தான் ஆயுள் முழுக்க வெளிச்சத்தோடுதான் சண்டை பிடித்துவருவதாகச் சொன்னார். திரை போட்டு, ஜன்னலை மூடி, நிறங்களை வெயில் தின்றுவிடாமல் காப்பதுதான் தன் வேலை. மஞ்சளோ வெளிச்சத்துக்குக் கொஞ்சமும் தாங்காத சாயம். இந்த மண்டபத்தில் கல்லும் பளிங்கும்தான் இருக்கின்றன, அவற்றுக்கு வெயிலால் கெடுதி இல்லை. ஆகவே ஒருவரும் எதையும் தொட வேண்டாம், கூரை தன் வேலையைச் செய்யட்டும். அக்கா பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்கள் வெள்ளைப் பள்ளிச் சட்டைகளில் குழம்பு ஊற்றினால் தோய்த்து வெயிலில் போட்டு மஞ்சளைப் போக்கியவர் அவர்தான். "எனக்குத் தெரிஞ்சதுதானே, எனக்குத் தெரிஞ்சதுதானே" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். கொன்சர்வேற்றர் சிரிக்கவில்லை. நடந்ததை அருங்காட்சியகத் தலைவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்றும், திறப்பு விழாவுக்குள் போகாவிட்டால் ஒப்பந்தத்தைப் பற்றித் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

லண்டனில் வெயிலை நம்பி ஒரு காரியம் செய்வதென்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அடுத்த நாள் மூடிய வானம். அதற்கடுத்த நாள் தூறல். அக்கா ஆர்ச்வே கோயிலுக்குப் போய் முருகனிடம் வெயில் கேட்டுவிட்டு வந்தார். காலையில் கண் விழித்ததும் எனக்குப் போன் வரும். "அங்கை வெய்யிலோ?" ஹவுன்ஸ்லோவில் கொஞ்சம் வெளித்திருந்தால், "ஓம் அக்கா, இஞ்சை நல்ல வெய்யில்" என்பேன். "அப்ப உதைக் கெதியா இஞ்சாலை அனுப்பு" என்று வைத்துவிடுவார். குரலில் பகிடி இருக்கும், ஆனால் அவர் சாப்பிடுவதில்லை என்று அத்தான் சொன்னார்.

பிறகு வெயில் வந்தது. வந்ததென்றால், ஆனி மாதத்து முழு வெயில். எனக்கு லீவு கிடைத்த அன்று மண்டபத்துக்குப் போனேன். கூரைக் கண்ணாடிகளின் நிழற்சட்டங்கள் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து, நாங்கள் பார்த்திருக்க மெதுவாக நகர்ந்தன. பொட்டுகள் கண்முன்னால் மறையவில்லை. ஒரு பிளாஸ்கு தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் வெளிறியிருக்கும். ஒரு வெயில் கட்டம் பொட்டைக் கடந்து போகும், அடுத்த கட்டம் வரும். யாரோ பெரிய கையால் தரையைத் துடைத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. பயத்தில் மூடி, மறந்தே போன வெளிச்சம் இத்தனை காலத்துக்குப் பிறகு திரும்பி வந்து முதல் வேலையாக எங்கள் அக்காவின் பிழையைத் துடைக்கிறதே என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா கை கட்டி நின்றார். கோயிலில்கூட அவர் அவ்வளவு அடக்கமாக நின்று நான் பார்த்ததில்லை.

திறப்பு விழாக் காலையில் ஒரே ஒரு பொட்டு மிஞ்சியிருந்தது. இடப்புறச் சுவரோரம், வெயில் வந்து சேரப் பிந்துகிற இடம். கொன்சர்வேற்றர் அதைப் பார்த்துவிட்டு மரவாங்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். அன்றைக்குத்தான் தலைவர் அக்காவைக் கூப்பிட்டு ஒப்பந்தம் அவருக்கே என்றார், ஒரு நிபந்தனையோடு: கொன்சர்வேற்றரைக் கேட்காமல் ஈரமான எதுவும் அந்தத் தரையில் படக்கூடாது. அக்கா அவர் முடிக்கும் முன்னமே "ஓம், ஓம்" என்று தமிழில் சொன்னார். கதவைத் திறந்ததும் சனம் வந்தது. வாசலைத் தாண்டியவுடன் ஒவ்வொருவரும் நின்று மேலே பார்த்தார்கள். சிறுமியாக இருந்தபோது தாயோடு இங்கே கூப்பனுக்கு வரிசையில் நின்றதாகச் சொன்ன ஒரு முதிய பெண், இதற்குள் வெளிச்சம் இருந்ததென்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று முகம் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் மேலைதான் பாக்கினம்" என்று அக்கா என் காதுக்குள் சொன்னார், "நிலத்தைப் பாக்க ஒருத்தருமில்லை." அவ்வளவு வேலை செய்தவருக்கு அதில் கவலை இருக்கவில்லை, நிம்மதிதான்.

அதன்பிறகு பல வருடங்கள், முழங்கால் விடும்வரை, அவர் அந்த மண்டபத்தைப் பார்த்துக்கொண்டார். மற்ற வேலைகளுக்குப் பெண்களை அனுப்பிவிட்டு அங்கே மட்டும் தானே போவார். தரைக்குப் பாதுகாப்புப் பூச்சுப் பூசினார்கள், கொன்சர்வேற்றர் ஓய்வு பெற்றுப் போனார், தலைவர்கள் மாறினார்கள். வாங்கு மட்டும் அசையவில்லை. வாங்கை ஒரு கோடைக்கு இழுத்து வைத்தால் அந்தப் பொட்டும் போய்விடும் என்று நான் ஒருமுறை சொன்னேன். "ஒண்டு கிடக்கட்டும். நான் இஞ்சை நிண்டனான் எண்டு அதுக்குத் தெரியவேணும்" என்றார். அதுக்கு என்றால் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன தை மாதம் அக்கா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, கோடை தொடங்கிய ஒருநாள், காரணம் ஒன்றும் சொல்லாமல் வீட்டிலிருந்து புறப்பட்டு அங்கே போனேன். மண்டபத்தைப் புதிதாக ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். சிலைகள் இடம் மாறியிருந்தன. மரவாங்கு எதிர்ச்சுவரோரம் போய்விட்டது. பழைய இடத்தில் நான் குனியத் தேவையிருக்கவில்லை. திறந்த தரையில், பட்டப்பகலில், பொட்டுக் கிடந்தது. பாதிக்கு மேல் வெளிறிவிட்டது. மஞ்சள் என்று தெரிந்தவனுக்குத்தான் மஞ்சள். இன்னும் சில வெயில் நாட்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. என் நிழல் அதன் மேல் விழும்படிதான் நின்றிருக்கிறேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கே காவலிருந்த இளம்பெண் கிட்ட வந்து, உட்கார வேண்டுமா, வேண்டுமானால் அந்த வாங்கை இங்கே இழுத்துப் போடுகிறேன் என்றாள். நல்ல பிள்ளை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாங்கு பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேலே பார்த்தேன். இலை நரம்புகளில் தங்கம் மினுங்கியது. அந்தக் கூரையை இன்னொரு முறை மறைக்க, அது விரல் அளவு இடத்துக்கென்றாலும், அக்காவின் தம்பிக்கு மனம் வரவில்லை.

வேண்டாம் பிள்ளை என்று சொல்லிவிட்டு ஓரடி விலகி நின்றேன். வெயில் வந்து அக்காவின் பொட்டில் விழுந்தது.